கணக்கு எழுதிய கை

அவையோருக்கு என் வணக்கம்.

ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1528இல் நியூரம்பெர்க் நகரில் காலமானார். வாழும் காலத்திலேயே ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றவர். அவர் போன பிறகு அவருடைய நெடுநாள் நண்பர், பெரும் படிப்பாளி வில்லிபால்ட் பிர்க்ஹைமர் ஒரு கடிதம் எழுதினார். பணம் பணம் என்று இரவும் பகலும் வேலை வாங்கியே அவன் மனைவி ஆக்னெஸ் அவனைக் கொன்றுவிட்டாள் என்பது அதன் சாரம். அதே கடிதத்தில் இன்னொரு மனக்குறையும் இருக்கிறது. டியூரர் வீட்டில் அழகான மான்கொம்பு இருந்ததாம். பிர்க்ஹைமருக்கு அதன் மேல் ஒரு கண். ஆக்னெஸ் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை விற்றுவிட்டாராம்.

இந்த ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு பல தலைமுறைகளாக அந்த அம்மாவைக் கருமி, சிடுமூஞ்சி என்று எழுதி வந்திருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

அவர் செய்ததைப் பாருங்கள். கணவர் வெனிஸில் தங்கியிருந்த காலத்தில், அவருடைய அச்சுப்படங்களை பிராங்க்பர்ட் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவர் ஆக்னெஸ். பிறகு பிராங்க்பர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர் தேவாலயப் பலிபீடத்துக்கு ஓர் ஓவியம் கேட்டார். பேசிய விலை 130 கில்டர், அந்தக் காலத்துப் பொற்காசு. வேலை வளர்ந்தது, அந்த விலை கட்டுப்படியாகவில்லை. டியூரர் 200 கேட்டார். இருவருக்கும் கடிதத்திலேயே மனத்தாங்கல். ஒருவழியாக 1509இல் படம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் டியூரர் எழுதிய கடிதத்தில், ஹெல்லர் அனுப்பிய அன்பளிப்புக்கு மனைவி நன்றி சொல்வதாகவும், அவர் நினைவாக அதை அணியப்போவதாகவும் ஒரு வரி வருகிறது. அந்த வீட்டில் யாருடைய மனம் குளிர வேண்டும் என்று வணிகருக்குத் தெரிந்திருக்கிறது! கணவர் இறந்த அதே ஆண்டில், மனித உடலின் அளவுகள் பற்றி அவர் எழுதிய நூலை அச்சில் கொண்டுவந்தவரும் ஆக்னெஸ்தான்.

இனி இங்கிலாந்துக்கு வாருங்கள். 17ஆம் நூற்றாண்டு. இங்கே ஓவியர் மனைவி. கணக்குப் பார்த்தவர் கணவர். மேரி பீல், சார்லஸ் பீல். 1652இல் திருமணம். சார்லஸ் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 1660களின் நடுவில் அந்த வேலை கையைவிட்டுப் போனது. கொள்ளைநோய்க் காலத்தில் லண்டனை விட்டு ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் போய் இருந்தார்கள். 1670இல் திரும்பி வந்து பால் மால் தெருவில் வீடு பிடித்து, மேரி தொழிலாகவே உருவப்படம் வரையத் தொடங்கினார். அன்று முதல் அந்தத் தொழிலின் கணக்கைப் பார்ப்பதுதான் சார்லஸுக்கு உத்தியோகம்.

அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் 1677ஆம் ஆண்டுக்கும் 1681ஆம் ஆண்டுக்கும் உரியவை இன்றும் இருக்கின்றன. தன்னை வரையச் சொல்லி வந்து உட்கார்ந்தவர் யார், எத்தனை தடவை வந்தார், எந்தச் சாயம் எப்போது வாங்கியது, யார் பணம் கொடுத்துவிட்டார், எல்லாம் அதில் உண்டு. தலையும் தோளும் என்றால் 5 பவுண்ட், அரை உருவம் என்றால் 10 பவுண்ட். 1677இல் மட்டும் 83 படங்கள், 429 பவுண்ட் வருமானம். அதில் பத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கென்று ஒதுக்கினார்கள். படம் வரையும் துணிக்குப் பூச்சு கொடுப்பது, நிறமி தயாரிப்பது எல்லாம் சார்லஸ் பொறுப்பு. செலவைக் குறைக்க வெங்காய மூட்டைச் சாக்கில்கூட வரைந்து பார்த்திருக்கிறார்கள்! இத்தனை கணக்குக்கு நடுவே மனைவியைக் குறிப்பிடும்போது "என் அன்புக்குரிய இதயம்" என்று எழுதுகிறார்.

ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். உருவப்படம் வரைகிறவர், எதிரே இருப்பவரின் முகத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வந்தவர் இறுக்கம் தளர்ந்து இயல்பாக இருந்தால்தான் முகம் படியும். அந்த நாற்காலிக்கு வருமுன் ஓவியரே அவரோடு பேரம் பேசி முகம் சுளித்திருந்தால், அந்தச் சுளிப்பும் படத்தில் ஏறிவிடும். விலை பேச இன்னொருவர் இருந்தால், ஓவியர் தன் எதிரே இருப்பவரின் முகத்தை மட்டும் பார்க்கலாம். பீல் வீட்டில் இது இன்னும் சிக்கல். வந்தவர்களில் பலர் குடும்ப நண்பர்கள், பின்னாளில் கேன்டர்பரி பேராயரான ஜான் டில்லட்சன் போன்ற பாதிரிமார்கள். நண்பரிடம் பணம் கேட்கும் சங்கடம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் சார்லஸ் தன் தோளில் போட்டுக்கொண்டார். அரசவை ஓவியர் பீட்டர் லீலியின் நட்பைப் பேணி, அவருடைய படங்களை மேரி பார்த்துப் பழக வழி செய்தவரும் அவரே.

1681 வாக்கில் ஆர்டர்கள் குறைந்தன. அப்போதும் அந்த வீட்டில் தூரிகை ஓயவில்லை. வீட்டாரையும் நண்பர்களையும் உட்காரவைத்து, பயிற்சிக்காகவும் மேம்பாட்டுக்காகவும் என்று மேரி வரைந்தார். காசு வராத அந்தப் படங்களையும் சார்லஸ் விடாமல் குறித்து வைத்தார். இதைச் செய்தவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று யாரும் எழுதவில்லை. அன்பான கணவர் என்றே எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள். ஆக்னெஸுக்கு ஏன் அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. அருங்காட்சியகம் நடத்துகிறவர்களும் கலை வரலாறு எழுதுகிறவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். அடுத்த முறை டியூரர் படம் ஒன்றுக்குக் குறிப்பு எழுத நேர்ந்தால், அந்த மான்கொம்புக் கடிதத்தை விட்டுவிட்டு, பிராங்க்பர்ட் சந்தையில் அவர் படங்களை விற்றவரின் பெயரை எழுதுங்கள்.