பெட்ரோல் ஒழுகலும் கிளம்பாத வண்டியும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவாக உதவாது. பர்மாவின் மற்ற ஊர்களான மோல்மேன், முடோன், தட்டோன், பெகு பக்கம் அப்படியில்லை. கடைக்குச் சரக்கு எடுப்பவர், கோயிலுக்குப் பூ கொண்டு போகிறவர், ஆளேற்றிப் பிழைக்கிறவர் எல்லாருக்கும் வண்டிதான் கால். நம்மிடம் அதிகம் ஓடும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த 110, 125 சிசி வண்டிகளைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒழுகல். "அண்ணே, கார்புரேட்டர் போச்சு, புதுசு போட்டுடுங்க" என்று முடிவு கட்டிக்கொண்டே பட்டறைக்கு வருவார்கள். பெரும்பாலும் அது போயிருக்காது. பெட்ரோல் கசிகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் இன்னொன்று. டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் ரப்பர் வளையத்தில் கசிந்தது ஹோஸ் மேலேயே வழிந்து வந்து கார்புரேட்டருக்கு அடியில் சொட்டும். பழி கார்புரேட்டர் மேல் விழும்.

அதனால் மேலிருந்து கீழே தேடுங்கள். எஞ்சின் ஆறியதும் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஹோஸ் முனைகளிலும் கார்புரேட்டர் மூடி ஓரத்திலும் குழந்தைக்குப் பூசும் பவுடரைத் தூவுங்கள். பிறகு டேப்பைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் எங்கே பவுடர் நனைந்து கறுக்கிறதோ, அங்கேதான் கசிவு. எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் வேக்யூம் டேப் என்றால் எஞ்சின் ஓடினால்தான் திறக்கும். நிறுத்திய வண்டியில் தேடினால் ஒன்றும் தெரியாது. ஹோஸ் முனை வெடித்திருந்தால், நீளம் இடம் கொடுக்கிற பட்சத்தில், முனையை நறுக்கிவிட்டுத் திரும்ப மாட்டலாம். ஹோஸ் முழுக்க விறைத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

கார்புரேட்டரின் அடிக்குழாய் வழியாக ஒழுகினால் கதை வேறு. உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசியின் நுனியில் மணல் அளவு தூசி உட்கார்ந்தாலும் வழி அடைபடாது. மிஞ்சிய பெட்ரோல் அடிக்குழாயில் இறங்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கார்புரேட்டர் கிண்ணத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒழுகல் நின்றுவிட்டால் தூசிதான். கழற்றிக் கழுவினால் போதும். நிற்காவிட்டால் ஊசியின் நுனியை விரல் நகத்தால் தடவுங்கள். வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தால் ஊசி தேய்ந்துவிட்டது. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளக் சளக் என்றால் ஓட்டை.

கீழே சொட்டுகிற பெட்ரோலைப் பார்த்து எல்லாரும் பதறுவார்கள். என்னைக் கேட்டால், கீழே சொட்டாத ஒழுகலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஊசி அடைக்காமல், பெட்ரோல் வெளியே வர வழியும் இல்லாமல் போனால், அது எஞ்சினுக்குள் இறங்கி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். வேக்யூம் டேப்பின் ரப்பர் தாள் கிழிந்தாலும் இதே கதிதான். டேங்கில் பெட்ரோல் தானாகக் குறைகிறது, தரையில் சொட்டைக் காணோம் என்றால் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருக்கும், தண்ணீராய் இளகியிருக்கும், மோந்தால் பெட்ரோல் வாடை வரும். அந்த வண்டியை உதைக்கவே கூடாது. இளகிய ஆயிலில் ஓட்டினால் பேரிங் தேயும். பிஸ்டன் மேல் பெட்ரோல் நிறைந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையலாம். முதலில் கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்றுங்கள், அப்புறம் கிளப்பலாம்.

இன்னொன்று. திருட்டுக்குப் பயந்து ராத்திரி வண்டியை வீட்டுக்குள் ஏற்றுகிறோம். அதே அறையில் சாமி விளக்கு எரியும், பக்கத்தில் அடுப்பும் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். வாடை வருகிற வண்டியை உள்ளே விடாதீர்கள்.

இனி கிளம்பாத வண்டி. பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவான திங்யானும் நம் சித்திரை வருடப் பிறப்பும் ஒரே வாரத்தில் வருகின்றன. தெருவெல்லாம் வாளி வாளியாய் ஊற்றுகிறார்கள். மறுநாள் பட்டறையில் வரிசை. அப்புறம் ஆனி, ஆடி மழை. இரண்டிலும், எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கின் ரப்பர் மூடிக்குள் ஈரம் ஏறுவதுதான் முதல் சந்தேகம். மூடியைக் கழற்றி உலர்த்திப் பாருங்கள். அதற்கும் முன்னால், கைப்பிடியில் உள்ள நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பிள்ளைகள் விளையாடி அமர்த்திவிட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவர்கள் உண்டு.

அப்படியும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். அதுவே பாதி விடை. பல தடவை உதைத்தும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிஞ்சிவிட்டது. மிஞ்சியிருந்தால் பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை ஆஃப் பக்கம் தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தபடி உதையுங்கள். பொறி சோதிக்கிறவர்கள் பிளக்கை எஞ்சின் இரும்பில் ஒட்டிவைத்துப் பார்ப்பது வழக்கம். ஒழுகல் உள்ள வண்டியில் அதைச் செய்யவே வேண்டாம். மற்ற வண்டியிலும் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் கார்புரேட்டர் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் டேப்போ வடிகட்டியோ அடைத்திருக்கிறது. வந்தால் அந்த டம்ளரைச் சற்று அசையாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், உருண்டை உருண்டையாய் அடியில் தங்கும். ரோட்டோரம் பாட்டிலில் வாங்கி ஊற்றுகிற பெட்ரோலில் இது சகஜம். ஊற்றும் முன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, அடியில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும்.

கிளம்பி, கொஞ்ச தூரம் ஓடி, மூச்சடைத்து நிற்கிற வண்டியில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் முடிந்தது வேலை.

புது வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டர் இல்லை, பம்ப்தான் ஹோஸ் வழியாகப் பெட்ரோலை அழுத்தித் தள்ளும். சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். அந்த ஹோஸில் அழுத்தம் அதிகம். ஒழுகினால் கம்பி சுற்றி இறுக்குகிற வேலை ஆகாது, அதற்கான ஹோஸையே போட வேண்டும். நன்றி, வணக்கம்.