சனிக்கிழமைப் பையைப் பிள்ளையிடம் கொடுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் நிறைய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்தோடு போய்விடும். அதனால் ஒரு வாரமாகச் சேர்ந்துகிடக்கும் வேலை முழுக்க சனிக்கிழமை தலையில்தான் விழும். கொப்பரையை ஆட்டக் கொடுக்க வேண்டும், மிளகாயும் மல்லியும் திரிக்க வேண்டும், தையல்கடைக்குப் போக வேண்டும், பிள்ளையின் செருப்பு வார் அறுந்திருக்கும், சந்தைக்கும் போக வேண்டும். இதற்கு நடுவில் பிள்ளைகள் வேறு, "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று நிற்பார்கள். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலையை முடிக்க ஓடுகிறோம். சாயங்காலம் களைத்துப்போய், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறோம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பட்டியலையும் சில்லறையையும்கூட அவர்களிடமே கொடுங்கள்.

எங்கள் தக்கலைச் சந்தையில் நடந்ததைச் சொல்கிறேன். பேத்தியைக் கூட்டிப் போயிருந்தேன், நாலாம் வகுப்புப் படிக்கிறாள். பழக்கடை அக்காவிடம் போய், "ஒரு கிலோ பழம் தாங்க" என்றாள். அந்த அக்கா தராசைத் தொடவே இல்லை. "எதுக்கு மக்களே? புட்டுக்கா, குழந்தைக்கா, அவிக்கவா?" என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அக்காவே ஒவ்வொரு குலையாகத் தொட்டுக் காட்டினார். இது ஏத்தன், தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தால்தான் அவிக்க இனிப்பாக இருக்கும். இது பாளையங்கோட்டான். இது செவ்வாழை, கறுஞ்சிவப்பு வெளுத்து மஞ்சள் தட்டட்டும், அப்புறம் தொடு. இது பேயன், இது ரசகதலி. கடைசியாக மட்டி. விரல் நீளத்தில் ஒல்லியாக, நுனி கூம்பி இருக்கும். ஒன்றைப் பிய்த்து உரித்துப் பேத்தியின் மூக்கருகே கொண்டுபோனார். "மோந்து பாரு. நீ குழந்தையா இருக்கையில உனக்கு இதத்தான் மசிச்சுத் தந்திருப்பாங்க."

பாருங்கள், 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்த பழம் இது, கன்னியாகுமரி மட்டி. நம் கல்குளம், விளவங்கோடு மண்ணில் விளைகிற பழம். பிள்ளை அதை மணத்தால் தெரிந்துகொண்டாள். இன்னொன்றும் நடந்தது. வெளியூர்களில் பழத்தை டஜன் கணக்கில் எண்ணிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்தில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். சீப்பை வைத்தால் சரியாக ஒரு கிலோவில் நிற்குமா? நூறு கிராம், இருநூறு கிராம் கூடத்தான் வரும். அதற்குக் காசு எவ்வளவு என்று அவளே கணக்குப் போட்டாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை. ஒரு பெரியவர், "நிதானமா போடு மக்களே" என்றார். பிள்ளைக்குச் சந்தையில் இதெல்லாம் கிடைக்கும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், பையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

சரி, வேலை முடியாமல் ஊர்சுற்றுவது எப்படி என்று கேட்பீர்கள். நேரம் பிடிக்கிற வேலையை முதலில் ஒப்படைத்துவிடுங்கள். கொப்பரையைச் செக்கிலும் மிளகாயை மில்லிலும் செருப்பைத் தைக்கிறவரிடமும் காலையிலேயே கொடுத்தால், அவர்கள் வேலை பார்க்கும் நேரம் உங்களுக்கு மிச்சம். அந்த நேரத்தில் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வரலாம், பக்கம்தான். திங்கட்கிழமை விடுமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மூடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம்தான். ஆனால் பிள்ளைகளிடம் ஆண்டைச் சொல்லித் தொடங்காதீர்கள். நேரே ஊட்டுப்புரைக்குக் கூட்டிப் போங்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடம். அங்கே ஊறுகாய் போட்டுவைத்த பெரிய பரணிகள் இருக்கின்றன. காலையில் சந்தையில் தராசைப் பார்த்த பிள்ளை, இந்தப் பரணி நிறைய எத்தனை கிலோ மாங்காய் வேண்டும் என்று தானாகக் கேட்கும். என் பேத்தி கேட்டாள். பக்கத்தில் நின்ற, யாரென்றே தெரியாத ஒரு பையன் அவளோடு சேர்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்! கீழே தரையைக் காட்டுங்கள், கறுத்து மினுங்கும். சுண்ணாம்போடு தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்ட தரை என்பார்கள். சிரட்டை நம் அடுக்களையில் கிடப்பதுதானே, பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

சந்தைச் சாமானை எங்கே வைப்பது என்றால், தெரிந்த கடையில் வைத்துவிட்டுப் போகலாம். நம் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். திற்பரப்பு அருவி, பேச்சிப்பாறை அணை எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு, கீழே ஆறு ஓட, அதற்கும் மேலே தொட்டியில் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். காமராஜர் காலத்துத் திட்டம். உயரம் நூறு அடிக்கு மேல். வெயில் தாழ்ந்தபின் போங்கள், நடுவில் காற்று பலமாக அடிக்கும், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். திரும்பும் வழியில் மீன் வாங்க வேண்டுமென்றால் அதையும் பிள்ளைகளே பார்த்து எடுக்கட்டும், செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

வணக்கம்.