தனுஷ்கோடித் தண்ணீரும் என் பேனா மீட்டரும்

வணக்கம் மக்களே! மதுரையில் ஏதுடா கடல் என்று கேட்காதீர்கள், இந்தப் பாட்டில் தண்ணீர் போன ஞாயிறு தனுஷ்கோடியில் பிடித்தது. கையில் இருப்பது ஆர்.ஓ. மாட்ட வருபவர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பேனா மீட்டர். என்னுடையது மின் கடத்துத்திறனையே காட்டும், தண்ணீரில் உப்பு கூடினால் அதுவும் கூடும்.

திருநகர் வீட்டு போர் தண்ணீர் 2,140 மைக்ரோசீமென்ஸ். ஆர்.ஓ. தண்ணீர் 60. இப்போது கடல் தண்ணீர்... பாருங்கள், எண்ணே வரவில்லை. மீட்டர் கெடவில்லை. அது பத்தாயிரம் வரைதான் அளக்கும். சாதாரணக் கடல் தண்ணீரோ 25 டிகிரியில் கிட்டத்தட்ட 53,000!

சரி, உப்பில்லாத தண்ணீர் கலந்து பத்து மடங்காக்கி அளந்து பத்தால் பெருக்கிவிடலாம் என்று நினைத்தேன். மெக்கானிக் கடையில் வாங்கிய பேட்டரி தண்ணீர் (உப்பு நீக்கிய தண்ணீர்தான்) 450 மில்லி, கடல் தண்ணீர் 50 மில்லி. வந்தது 6,400. பெருக்கினால் 64,000! மூன்று தடவை செய்தும் அதே கதை. கணக்கு சரிதான், நினைப்புதான் தப்பு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாசி வீதியில் வேகமாக நடக்க முடியுமா? உப்பு அயனிகளும் அப்படித்தான். நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும், ஆள் குறைந்தால் ஒவ்வொன்றும் விறுவிறுவென்று ஓடும்.

இப்படிக் கலக்காமல், கடலில் நேராக இறக்கி அளக்கும் கருவிகள் இருக்கின்றன. சி.டி.டி. என்பார்கள்: கடத்துத்திறன், வெப்பநிலை, ஆழம். வெப்பநிலை ஏன் என்றால், ஒரு டிகிரி ஏறினால் கடத்துத்திறன் சுமார் 2 சதவீதம் ஏறும். அதைக் கழிக்காமல் உப்பைச் சொல்ல முடியாது. 1978-ல் வந்த உப்பளவு அளவுகோல்படி, 15 டிகிரியில், ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருந்தால் அதன் கடத்துத்திறன் உப்பளவு 35 (கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு) உள்ள கடல் தண்ணீருக்குச் சமம். நான்கு தசம இடம் வரை! எனக்குப் பிடித்ததே அதுதான்.

இந்தக் கருவிகளுக்குள் கடத்துத்திறனை அளக்கும் பகுதி இரண்டு வகை. ஒன்று, கண்ணாடிக் குழாயில் பிளாட்டின மின்முனைகள். மாறுதிசை மின்னோட்டம்தான் கொடுப்பார்கள், நேர் மின்னோட்டம் என்றால் முனையில் குமிழி கட்டிவிடும். இன்னொன்றில் உலோகம் தண்ணீரைத் தொடாது. இரண்டு வளையச் சுருள்கள், நடு ஓட்டையில் கடல் தண்ணீர். ஒன்று தூண்டும் மின்னோட்டம் தண்ணீர் வழியாகச் சுற்றும், மற்றது அதை உணரும். பாசி படிந்தாலும் இதற்கு அவ்வளவு பாதிப்பில்லை.

சரி, பேனாவைப் பேட்டரி தண்ணீரில் நன்றாக அலசிவிட்டேன். மறுபடி ஆர்.ஓ. தண்ணீர்... 62. பிழைத்துக்கொண்டது.