ரிலே எப்போது சும்மா இருக்க வேண்டும்?

திரையில்: இருட்டில் சப்ஸ்டேஷன். கண்ட்ரோல் ரூமில் ஒரு ரிலேயின் சிவப்பு விளக்கு.

2012 ஜூலை 30, அதிகாலை 2.33. மத்தியப் பிரதேசத்தில் பீனா–குவாலியர் 400 கேவி லைன் டிரிப் ஆனது, அதாவது லைனைக் காவல் காக்கும் கருவியான ரிலே அதைத் துண்டித்துவிட்டது. கம்பி அறுந்ததா, மரம் சாய்ந்ததா? ஒன்றுமே இல்லை. ஆனாலும் அடுத்தடுத்து லைன்கள் டிரிப் ஆகி வட இந்திய கிரிட்டே சரிந்தது. (தென்னக கிரிட் அப்போது தனி. நமக்கு வேறு பவர்கட் இருந்தது, அது வேறு கதை.)

திரையில்: லைனின் படம், மேலே மூன்று ஸோன்கள்.

அந்த ரிலே, டிஸ்டன்ஸ் ரிலே என்ற வகை. அது செய்வது ஒரு வகுத்தல் கணக்கு. வோல்டேஜை கரண்டால் வகுக்கும். ஷார்ட் ஆனால் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் ஏறும், விடை சின்னதாகும். எவ்வளவு சின்னது என்பதை வைத்துப் பழுது எத்தனை தூரத்தில் என்று கண்டுபிடிக்கும். லைனின் முதல் 80 சதவீதம் ஸோன் 1, அங்கே பழுது என்றால் உடனே டிரிப். ஸோன் 2 கொஞ்சம் பொறுக்கும். ஸோன் 3 இன்னும் பொறுத்து, அடுத்த லைன்வரை பார்க்கும்.

அன்று அந்த லைனில் அளவுக்கு மீறிய லோடு, வோல்டேஜும் தளர்ந்திருந்தது. வகுத்த விடை ஸோன் 3-க்குள் போய்விட்டது. லோடைப் பழுதென்று எடுத்துக்கொண்டது ரிலே. அதன் மேல் தப்பில்லை, கொடுத்த செட்டிங்படி நடந்தது.

அந்த செட்டிங்கைக் கணக்குப் போடுவதுதான் புரொடெக்‌ஷன் இன்ஜினியர் வேலை. இ.இ.இ. படித்திருந்தால் போதும், ஆனால் ஃபால்ட் (பழுது) கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். மின்வாரியத்தில் இதற்கு எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே டெஸ்ட்) என்று தனிப் பிரிவே உண்டு. ரிலே கம்பெனிகளிலும், புதுக் கருவிகளைச் சோதித்து ஓடவிடும் கமிஷனிங் வேலையிலும் ஆள் எடுக்கிறார்கள்.

திரையில்: பேனலின் பின்பக்கம், டெர்மினல் வரிசை.

வேலையில் பாதி இங்கே, ஸ்க்ரூடிரைவரோடு. டெஸ்ட் கிட்டிலிருந்து ரிலேக்குக் கரண்ட் விட்டு, எத்தனை மில்லிசெகண்டில் டிரிப் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன், லைன் கரண்டைச் சின்னதாக்கி ரிலேக்குத் தரும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பக்கத்து இணைப்பு லிங்க்குகளை ஷார்ட் செய்தாக வேண்டும். கரண்ட் ஓடும்போது சி.டி. செகண்டரி (ரிலே பக்கச் சுற்று) திறந்துகொண்டால் அங்கே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும். ஒரு முறை செய்தோம் என்ற நினைப்பை நம்பாதீர்கள். ஒவ்வொரு லிங்க்கையும் மறுபடி சரிபாருங்கள்.

அப்புறம் நடுராத்திரி போன். எதிர்முனையில் ஷிஃப்ட் இன்ஜினியர்: "லைன் டிரிப் ஆயிடுச்சு சார், சார்ஜ் பண்ணலாமா?" மறுபடி மின்சாரம் விடலாமா என்கிறார். நீங்கள் ரிலே பதிவு செய்த அலைவடிவத்தை லேப்டாப்பில் திறக்கிறீர்கள். வோல்டேஜ் சரிந்திருக்கிறதா, கரண்ட் எகிறியிருக்கிறதா, எந்த ஃபேஸ்? அவர் லைனிலேயே காத்திருக்கிறார்.