இடிக்காமல் குடிபுகுந்தவர்களின் தீவு

நண்பர்களே, வணக்கம்.

இத்தாலியின் சிசிலித் தீவு என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு மாஃபியா நினைவுக்கு வரும், மீதிப் பேருக்கு எட்னா எரிமலை. இன்றைக்கு இரண்டையும் ஓரமாக வைத்துவிடுகிறேன். எட்னா 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து புகைந்துகொண்டு நிற்கும், தீவின் கிழக்கே எங்கே போனாலும் கண்ணில் படும். அதற்கு என் சிபாரிசு தேவையில்லை. நான் பேச வந்தது ஊர்களைப் பற்றி.

மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு இது. கிரேக்கர், ரோமர், பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்), அரபியர், வட பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள், ஸ்பானியர் என்று ஆண்டவர்கள் பட்டியல் நீளும். பயணக் கையேடுகள் இந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டு அடுத்த பக்கத்தில் உணவகங்களுக்குப் போய்விடும். எனக்கு அதைவிடச் சுவையாகப் படும் கேள்வி வேறு. வந்தவர்கள், முன்பு இருந்தவர்களின் கட்டடங்களை என்ன செய்தார்கள்? பல இடங்களில் இடிக்கவில்லை, உள்ளே குடிபோய்விட்டார்கள். அப்படிக் குடிபோன கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. ஆளில்லாமல் விட்டவை பெரும்பாலும் விழுந்துவிட்டன.

சிராகூசாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய ஊர் ஒர்த்தீஜா என்ற குட்டித் தீவில் இருக்கிறது, பாலத்தில் நடந்தே போய்விடலாம். அங்குள்ள பேராலயத்தை முன்னால் நின்று பார்த்தால் 18ஆம் நூற்றாண்டு பரோக் முகப்பு, அதாவது வளைவும் நெளிவுமாக ஆடம்பர வேலைப்பாடு. பக்கத்துச் சந்துக்குள் திரும்பிப் பாருங்கள், சுவருக்குள்ளிருந்து தடித்த கிரேக்கத் தூண்கள் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டிய அத்தீனா கோயில். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கல்லால் அடைத்தார்கள், உள்ளே கருவறைச் சுவரை வளைவு வளைவாக வெட்டித் திறந்தார்கள். கோயில் தேவாலயமாகிவிட்டது. இன்றும் அங்கே பூசை நடக்கிறது. ஏறக்குறைய 2,500 ஆண்டுத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு பாட்டி ஜெபமாலை உருட்டுவார். அந்தத் தூணின் வயது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அக்ரிஜெந்தோவுக்குப் போனால் இதே கதையின் இரண்டு பக்கங்களும் ஒரே மேட்டில் கிடைக்கும். கொன்கோர்தியா கோயில் கிட்டத்தட்ட முழுதாக நிற்கிறது. காரணம், 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தேவாலயமாக மாற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சேர்க்கைகளை எடுத்துவிட்டாலும், சுவரில் வெட்டிய வளைவுகள் அப்படியே இருக்கின்றன. அதே மேட்டில் சியூஸுக்குக் கட்டிய கோயில் இதைவிடப் பன்மடங்கு பெரியது. யாரும் குடியேறவில்லை. நிலநடுக்கத்தில் சரிந்தது போக, மிச்சக் கல்லைப் பக்கத்துத் துறைமுகம் கட்ட வண்டியேற்றிக்கொண்டு போனார்கள். கூரையைத் தாங்கி நின்ற ஏழரை மீட்டர் கல் மனிதன் ஒருவனின் நகல் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கலாம். அங்கே மட்டும் குடையும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள், நிழல் என்பது பேருக்குத்தான்.

சரி, எல்லா ஊருக்கும் இந்த நியாயம் பொருந்துமா? பொருந்தாது. 1693 ஜனவரி 11 அன்று தென்கிழக்கு சிசிலியை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. ஏறக்குறைய 60,000 பேர் இறந்தார்கள். நோத்தோ என்ற ஊரே தரைமட்டம். பழைய மலையை அப்படியே விட்டுவிட்டு, சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய ஊரை முதலிலிருந்து திட்டமிட்டுக் கட்டினார்கள். தேன் நிறச் சுண்ணாம்புக் கல், நேரான தெருக்கள், படிக்கட்டு வைத்த தேவாலயங்கள். நிக்கொலாச்சி மாளிகையின் பால்கனிகளைத் தாங்கும் கற்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பாருங்கள். ஒன்றில் சிங்கம், ஒன்றில் இறக்கை முளைத்த குதிரை, இன்னொன்றில் கடற்கன்னி. செதுக்கியவர்களுக்கு அன்று நல்ல மனநிலை இருந்திருக்க வேண்டும். அந்தக் கல் அழகானதுதான், ஆனால் மென்மையானது. 1996இல் நோத்தோ பேராலயத்தின் குவிமாடம் இரவில் இடிந்து விழுந்தது. ஆளில்லாத நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. 2007இல்தான் மறுபடி திறந்தார்கள்.

ரகூசாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர் இரண்டுபட்டது. ஒரு கூட்டம் மேலே சமவெளியில் புது ஊர் எழுப்பியது, மற்றவர்கள், அதிலும் பிரபுக்கள், இடிந்த இடத்தை விட்டு நகர மாட்டோம் என்று கீழேயே கட்டினார்கள். இரண்டும் முறைப்படி ஒரே ஊரானது 1926இல்! கீழே இருப்பதுதான் இப்லா. மேல் ஊரிலிருந்து படியிறங்கி வரும்போது ஒரு திருப்பத்தில் இப்லா மொத்தமாகத் தெரியும். என்னைக் கேட்டால், சிசிலியில் ஒரே ஒரு ஊரில்தான் தங்க முடியும் என்றால் இங்கேதான் தங்க வேண்டும். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் தவோர்மினாவின் கிரேக்க அரங்கம் அருமைதான், ஆனால் கோடையில் அந்த ஊரில் நடக்கவே தோளால் இடித்துக்கொண்டு போக வேண்டும்.

போகிற வழியில் மோதிகா என்ற ஊரில் சாக்லேட் வாங்குங்கள். அதிகம் சூடாக்காமல் அரைப்பதால் சர்க்கரை கரையாது, கடித்தால் நறநற என்றிருக்கும். அப்புறம் இன்னொன்று: இந்தச் சிறிய ஊர்களில் மதியம் கடையைச் சாத்திவிடுவார்கள், தேவாலயத்தையும் சேர்த்து. சாயங்காலம் வரை பொறுமை வேண்டும்.

கடைசியாக, சிசிலியின் தலைநகர் பலெர்மோ. அரண்மனைக்குள் நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. சுவரெல்லாம் பைசாந்தியப் பாணிப் பொன் மொசைக், சின்னச் சின்னச் சில்லுகளைப் பதித்த ஓவியங்கள். மேலே மரக்கூரை அரபுக் கைவேலை, அதில் கோப்பை ஏந்தி அமர்ந்திருப்பவர்களும் இசைக் கலைஞர்களுமாக ஒரு கூட்டமே இருக்கிறது. தேவாலயத்தின் கூரையில்! வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோவது நல்லது.

அந்த நகரத்தில் குடிபோகும் வழக்கம் இன்னும் நின்றுவிடவில்லை, அதில் நம் ஆட்களும் சேர்த்தி. இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பலெர்மோவில் வாழ்கிறார்கள். ஊரின் காவல் தெய்வம் புனித ரொசாலியா, 1624இல் பரவிய கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றியவர் என்பது நம்பிக்கை. பெல்லெக்ரினோ மலைக் குகையில் அவருக்கு ஆலயம். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் துத்தநாகத் தகட்டுக் கால்வாய்களில் பிடித்து இறக்குகிறார்கள். அந்த மலைக்குக் கத்தோலிக்கத் தமிழர் மட்டுமல்ல, இந்துத் தமிழரும் நேர்த்திக்கடனோடு ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. செப்டம்பர் 4 அவருடைய திருநாள். அந்தச் சமயத்தில் பலெர்மோவில் இருந்தால் பேருந்தை விட்டுவிட்டு நடந்தே ஏறுங்கள். மூச்சு வாங்கும், ஆனால் பேச்சுத்துணைக்குத் தமிழ் கிடைக்கும்.