பையில் சேரும் தூசு

நேயர்களுக்கு வணக்கம். மரவேலைப் பட்டறையில் தூசு இழுக்கும் மெஷினைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பட்டறையில் அதை டஸ்ட் கலெக்டர் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ரம்பத்தைக் கண்டால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது, அதனால் கவனமும் இருக்கிறது. இதற்கு யாரும் பயப்படுவதில்லை. மூலையில் நின்று இரைந்துகொண்டிருக்கும், பட்டறையைச் சுத்தமாக வைக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். ஆனால் அது தூசை ஒழிப்பதில்லை. பட்டறை முழுக்கப் பரவிக் கிடந்ததை ஒரு பையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தப் பையைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன்.

அதற்கு முன்னால், எந்தத் தூசை இழுக்கிறோம் என்று பார்த்துவிடலாம். இழைக்கும்போது சுருள் சுருளாக விழுகிற சீவல் கண்ணுக்குத் தெரியும், காலடியில் விழும், துடைப்பத்தால் கூட்டினால் போய்விடும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. உப்புத்தாள் போடும்போது வருவதுதான் வேறு சமாசாரம். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள் மூக்கோடு நிற்காமல் உள்ளே போகும். 4, 5 மைக்ரான் என்றால் நுரையீரலின் அடிவரைக்கும் இறங்கிவிடும். அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

பார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவில்லாத வழி. இருட்டிய பிறகு, டஸ்ட் கலெக்டரை ஓடவிட்டு இரண்டு நிமிஷம் சாண்டர், அதாவது உப்புத்தாள் மெஷின், போடுங்கள். எல்லாவற்றையும் நிறுத்துங்கள், விளக்கையும் அணையுங்கள். ஒரு டார்ச்சை உங்கள் பக்கமாகத் திருப்பி, ஒளிக்கற்றைக்குச் சற்றே ஓரமாக நின்று பாருங்கள். சினிமாக் கொட்டகையில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் தூசு மிதக்குமே, அதே காட்சி. நான் முதல் தடவை செய்து பார்த்தபோது, மிதந்த தூசில் பாதிக்கு மேல் சாண்டர் இருந்த பக்கத்திலிருந்து வரவில்லை. டஸ்ட் கலெக்டரின் பையிலிருந்து புகை மாதிரி கசிந்துகொண்டிருந்தது. பல வருஷமாக அதன் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன்.

காரணம் எளிது. பழைய மாதிரி மெஷின்களோடு வருகிற துணிப்பை 30 மைக்ரான் வரைதான் பிடிக்கும். அதற்குக் கீழே இருப்பதைச் சலித்து, மூக்கு உயரத்தில் அறைக்குள்ளேயே ஊதிவிடும். மாவு சலிக்கிற வேலைதான் அது, சலித்த மாவு நமக்கு. ஆகவே மெஷினில் காசு போடுவதை விட ஃபில்டரில் போடுங்கள் என்பேன். 1 மைக்ரான் அளவுக்குப் பிடிக்கிற, மடிப்பு மடிப்பான ஃபில்டர் கிடைக்கிறது. கொஞ்சம் தூசு படிந்த ஃபில்டர் புதியதை விட நன்றாகவே பிடிக்கும் என்பதால் அதைத் தினமும் தட்டி, கழுவிப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. இழுவை குறையும்போது தட்டினால் போதும். ஃபில்டரே வேண்டாம், குழாயை வெளியே விடுகிறேன் என்றால் அதுவும் நல்லதுதான். ஆனால் வெளியே போகிற காற்றுக்குப் பதில் காற்று உள்ளே வர ஜன்னலைத் திறந்து வையுங்கள். திறக்காவிட்டால், அதே கட்டடத்தில் புகைபோக்கி வைத்த அடுப்போ ஹீட்டரோ இருந்தால், வெளியே போக வேண்டிய புகை திரும்பி உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

மரத்தூசுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஹை வைகம் என்று நாற்காலி, மேஜை செய்வதற்குப் பெயர்பெற்றிருந்த ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே மரவேலை செய்கிறவர்களுக்கு மூக்குக்குள் அபூர்வமான ஒரு புற்றுநோய் மற்றவர்களை விட மிக அதிகமாக வருவதை 1960களில் டாக்டர்கள் கவனித்தார்கள். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவிலேயே மரத்தூசைச் சேர்த்தது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூசு சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சு இழுப்பும் தரும், அது தனி. டஸ்ட் கலெக்டர் இருந்தாலும் உப்புத்தாள் வேலைக்கு மாஸ்க் போடுங்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது, என்95 ரகம் வேண்டும்.

அடுத்து குழாய். பெட்டியில் அச்சடித்திருக்கும் காற்றளவு பெரும்பாலும் குழாய் எதுவும் மாட்டாமல் அளந்தது. நீங்கள் போடும் ஒவ்வொரு வளைவும், உள்ளே வரிவரியாக இருக்கும் நெளிகுழாயும் அதிலிருந்து கழித்துக்கொண்டே போகும். பெரிய குழாயில் காற்று விநாடிக்கு 20 மீட்டர் போலப் போனால்தான் தூள் நடுவழியில் படியாமல் போய்ச் சேரும். அதனால் குழாயை நேராக, குட்டையாகப் போடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் போகிற கிளைக்குழாயில் அதை மூடித் திறக்க ஒரு அடைப்புத் தகடு இருக்கும், ஓடுகிற மெஷினின் தகட்டை மட்டும் திறந்து வையுங்கள். எல்லாத் தகட்டையும் திறந்துவிட்டால் எதிலும் இழுவை இருக்காது.

சரி, பைக்கு வருகிறேன்.

சின்ன டஸ்ட் கலெக்டர்களில் பெரும்பாலானவற்றில் தூள் முதலில் விசிறியில் அடிபட்டு, அப்புறம்தான் பைக்குப் போகிறது. மரத்துண்டோடு ஒரு ஆணி போனால் இரும்பு விசிறியில் மோதித் தீப்பொறி கிளப்பும். ரம்பமே ஆணியில் பட்டால் அந்தப் பொறியைக் காற்று நேராகப் பைக்குள் கொண்டுபோய்விடும். பொறி அங்கே உடனே எரியாது. நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, அதை மரத்தூளில் பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், மேலே ஒன்றும் தெரியாது.

எனக்கு நேர்ந்தது இதுதான். ஒரு பழைய கதவைப் பிரித்து, அந்தச் சட்டங்களை நாள் முழுக்க அறுத்தேன். சாயங்காலம் பூட்டிவிட்டுக் கிளம்பினேன், குடையை மறந்து திரும்பி வந்தேன். கதவைத் திறந்ததும் அடிப்பிடித்த பால் போல ஒரு வாடை. பையின் அடியைத் தொட்டால் சூடு. என் அதிர்ஷ்டம், மெஷினைப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றவில்லை. போட்டிருந்தால் கங்குக்குக் காற்று கொடுத்திருப்பேன். பையைப் பிரித்துக் கொட்டியிருந்தால் தூள் மேகமாக எழும்பி, அதில் தீப்பிடித்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு, வெளியிலிருந்தே தண்ணீரைப் பூத்தூவலாகத் தெளித்துப் பையை ஊற வைத்தேன். தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றிருக்க வேண்டும், அப்போது அது புத்திக்கு எட்டவில்லை. மறுநாள் கொட்டிப் பார்த்தால், நடுவில் தேங்காய் அளவுக்குக் கருகிய உருண்டை. உடைத்தால் உள்ளே வளைந்த ஆணி ஒன்று.

அன்றிலிருந்து பழைய மரம் எதையும் காந்தத்தாலோ மெட்டல் டிடெக்டராலோ தடவிப் பார்க்காமல் அறுப்பதில்லை. டஸ்ட் கலெக்டரின் குழாயால் தரையைக் கூட்டுவதில்லை, தரையில் என்ன ஸ்க்ரூ கிடக்கிறதோ யார் கண்டது. இரும்பு சாணை பிடிக்கிற மெஷினை அந்தக் குழாயில் ஒருபோதும் மாட்டாதீர்கள். எண்ணெய் துடைத்த துணியையும் தூள் தொட்டியில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால், யாரும் பற்ற வைக்காமலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

தூள் காற்றில் மேகமாக இருக்கும்போது பற்றினால் அது வெடிக்கும். கனடாவில் பர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜார்ஜ் என்ற இரண்டு ஊர்களின் மர ஆலைகள் 2012 ஜனவரியிலும் ஏப்ரலிலும் வெடித்தன, ஆலைக்கு இரண்டு பேர் இறந்தார்கள். 2015இல் இங்கிலாந்தின் பாஸ்லியில் மரத்தூள் அரைக்கும் ஆலையில் 4 பேர். சின்னப் பட்டறையில் இப்படி நடப்பது அபூர்வம். இருந்தாலும் விட்டத்திலும் குழாயின் மேலும் படிந்த தூசைக் கம்ப்ரெஸர் வைத்து ஊதிக் கலைக்கிற பழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம். பிவிசி குழாயில் சேரும் மின்னூட்டம் பட்டறையையே வெடிக்கவைத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். எனக்கு அந்தப் பயம் கம்மி. ரம்பத்துக்குப் பக்கத்தில் கை இருக்கும்போது சுரீரென்று ஷாக் அடித்தால் கை எந்தப் பக்கம் துள்ளும் என்பதுதான் என் கவலை. கம்பி வைத்த நெளிகுழாய் என்றால் அந்தக் கம்பியை எர்த் செய்துவிடுங்கள்.

பையைக் கழற்றும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றும், சத்தம் நின்றுவிட்டதென்று உள்ளே கைவிட்டால் விரல் போகும். பத்து நிமிஷம் தூசு அடங்க விடுங்கள். மாஸ்கோடு, முடிந்தால் வெளியே வைத்துக் கழற்றுங்கள். முக்கால் நிரம்பியதுமே கொட்டிவிடுவது நல்லது. கொட்டிய தூள் கட்டடத்துக்கு வெளியே, மூடி போட்ட இரும்புத் தொட்டியில் இருக்கட்டும்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் பூட்டுகிறேன். பூட்டுவதற்கு முன்னால் பையின் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். கூட வேலை செய்கிற பையன் விளக்கை அணைக்கத் தயாராக நின்றபடி தினமும் கேட்பான்: "என்ன அண்ணே, காய்ச்சல் இருக்கா?"