சொல்லியே தீர வேண்டியவை: செக் மொழியும் பர்மிய மொழியும்

நேயர்களுக்கு வணக்கம்.

"நேற்று நான் ஒரு புத்தகம் படித்தேன்" என்று தமிழில் ஒருவர் கூறினால், கூறியவர் ஆணா பெண்ணா என்பது அந்த வாக்கியத்தால் தெரிவதில்லை; புத்தகத்தைப் படித்து முடித்தாரா, பாதியில் மூடி வைத்தாரா என்பதும் தெரிவதில்லை. இதையே பிராக் நகரத்துக்காரர் ஒருவர் தம் தாய்மொழியான செக்கில் கூறினால், இந்த இரண்டில் எதையும் அவரால் மறைக்க இயலாது. ஆண் 'செட்ல்' என்பார், பெண் 'செட்லா' என்பார். படித்து முடித்திருந்தால் இருவரும் வினைக்கு முன்னே ஓர் ஒட்டைச் சேர்த்து 'ப்ர்ஷெசெட்ல்', 'ப்ர்ஷெசெட்லா' என்பார்கள். யாங்கோனில் வாழும் பர்மியருக்கோ வினைச்சொல்லால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆணும் பெண்ணும் 'பத்தெ' என்றே முடிப்பார்கள். அது நேற்று நடந்தது என்பதைக் கூட 'நேற்று' என்ற சொல்தான் தாங்க வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே, 'நான்' என்று சொல்ல வாயெடுக்கும்போதே, ஆண் 'சனோ' என்றும் பெண் 'சம' என்றும் தம்மை அறிவித்துவிடுகிறார்கள்.

ஒரு நூறாண்டுக்கு முன், 1926-இல், பிராக் நகரில் அறிஞர்கள் சிலர் கூடி ஒரு மொழியியல் வட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான ரோமன் யாக்கப்சன், பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1959-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் கூறிய கருத்தை இன்றைய உரைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். எதையெல்லாம் சொல்ல முடியும் என்பதில் மொழிகள் அடிப்படையில் வேறுபடுவதில்லை. எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் வேறுபடுகின்றன என்பது அவர் கருத்து. பிறப்பால் எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்க இதைவிடப் பயனுள்ள வழி எனக்குத் தெரியவில்லை.

ஏனெனில் இவ்விரண்டுக்கும் உண்மையிலேயே உறவில்லை. செக் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் சிலாவியக் கிளையைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பேசுவது. பர்மிய மொழி சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் மூன்று கோடிக்கு மேற்பட்டவர்கள். இருந்தும், வாக்கிய அமைப்பை மட்டும் பார்த்தால் பர்மியம் நமக்கு அடுத்த வீடுபோல் இருக்கிறது. வினை கடைசியில் வருகிறது. 'இல்', 'இருந்து' போன்றவை பெயருக்குப் பின்னே வருகின்றன. 'நேற்று வந்த மனிதர்' என்று நாம் சொல்லும் அதே வரிசையில்தான் அவர்களும் சொல்கிறார்கள். தமிழரான ஒருவர் பர்மியம் கற்கும்போது தடுமாறுவது சொல் வரிசையில் அன்று, ஒலியில்தான். 'லா' என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் 'வருதல்'. தொண்டையை இறுக்கிச் சட்டென்று முடித்தால் 'நிலா' அல்லது 'மாதம்'. குரலை உயர்த்தி நீட்டினால் நம் 'ஆ' போன்ற வினா இடைச்சொல்.

செக்கில் சுமை முழுவதும் சொல்லின் இறுதியில் இருக்கிறது. அதற்கு ஏழு வேற்றுமைகள் என்றவுடன், விளியோடு எட்டு என்று எண்ணிய தொல்காப்பியத்தை அறிந்த நாம் அஞ்ச மாட்டோம். ஆனால் 'மரங்களில்' என்ற சொல்லில் 'கள்' பன்மைக்கும் 'இல்' இடத்துக்கும் என்று நம்மால் பிரித்துக் காட்ட முடிகிறது. செக்கில் பன்மையும் வேற்றுமையும், பல இடங்களில் பாலும், ஒரே ஈற்றுக்குள் கரைந்துவிடுகின்றன. சில வேளைகளில் சொல்லின் உடலும் மாறும். தலைநகரின் பெயர் 'ப்ராஹா'. 'பிராகில்' என்று சொல்ல அது 'ப்ராஸெ' ஆகிவிடும்.

எண்ணுவதில் இரு மொழிகளும் நம்மைவிடக் கண்டிப்பானவை. ஆனால் கண்டிப்பு வெவ்வேறு திசையில் செல்கிறது. செக் நாட்டவர் பீர் விரும்பிகள் என்பது உலகறிந்தது. ஒரு பீர் 'பிவோ'. இரண்டும் மூன்றும் நான்கும் 'பிவா'. ஐந்தாவது கோப்பை வந்துவிட்டால் 'பிவ்'. அதாவது ஐந்து முதல் பெயர்ச்சொல் ஆறாம் வேற்றுமைக்குத் தாவி, 'பீர்களின் ஐந்து' என்பது போல் நிற்கும். ஐந்து மாணவர்கள் வந்தாலும் வினை ஒன்றன்பாலில்தான் முடியும். இப்படி எண்ணிக்கையை மட்டும் உற்றுப் பார்க்கும் செக், எண்ணப்படுவது எத்தகைய பொருள் என்று கேட்பதில்லை.

பர்மியம் அதைத்தான் கேட்கிறது. எண்ணையும் பெயரையும் நேராகச் சேர்க்க அது பெரும்பாலும் விடாது. எண்ணோடு வகையைக் காட்டும் ஒரு சொல்லும் வேண்டும். மனிதருக்கு 'யௌ', விலங்குக்கு 'கௌங்', துறவிக்கு 'பா', புத்தர் திருவுருவத்துக்கு 'சூ'. மனிதரை 'கௌங்' போட்டு எண்ணினால் அது வசை. நம்மிடமும் 'இரண்டு பேர்', 'ஒரு சீப்பு வாழைப்பழம்', 'ஒரு கவுளி வெற்றிலை' என்ற வழக்கங்கள் உண்டு. ஆயினும் இரண்டு ஆடு, மூன்று நாற்காலி என்று வகைச்சொல் இன்றியே நாம் எண்ணிவிடுகிறோம். பர்மியரோ ஒவ்வொரு முறை எண்ணும்போதும், எண்ணப்படுவது உலகில் எந்தப் படியில் இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

'சனோ', 'சம' என்ற தன்மைச் சொற்களின் பின்னாலும் இந்தப் படிவரிசைதான் இருக்கிறது. முன்னது 'அரசரின் அடிமை', பின்னது 'அடிமைப் பெண்' என்ற பொருளிலிருந்து தேய்ந்து வந்தவை; நம் 'அடியேன்' அன்றாடப் பேச்சில் 'நான்' ஆகிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். துறவியிடம் பேசும்போது அவையும் போதாமல், 'மாணாக்கன்' என்ற பொருளுடைய வேறொரு சொல் வரும். பெயரை மட்டும் தனியே சொல்வதும் மரியாதைக் குறைவு. ஐ.நா. பொதுச்செயலாளராக 1961 முதல் 1971 வரை இருந்த ஊ தாண்ட் அவர்களின் பெயர் 'தாண்ட்' மட்டுமே. 'ஊ' என்பது பெரியவருக்கான முன்னடை.

செக்கிலும் மரியாதைக்கு இடமுண்டு; நம் நீ, நீங்கள் போல 'தி', 'வி' என்ற இரண்டு உண்டு. கூப்பிடும்போது மார்ட்டின் 'மார்ட்டினெ' ஆவார், யானா 'யானோ' ஆவார். ஆனால் மரியாதை அங்கே இவ்வளவு தூரம் எண்ணுப்பெயருக்குள் நுழைவதில்லை.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பிரிந்து கிடப்பதில் மூன்று மொழிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பர்மியத்தில் பேச்சு வாக்கியம் 'தெ' என்று முடிந்தால் எழுத்து வாக்கியம் 'தி' என்று முடியும்; எனவே எந்த நடை என்பதை ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் சொல்லியாக வேண்டும். எழுத்து மரபின் பிடி அங்கே உறுதியானது. பழைய தலைநகரை இன்று 'பகான்' என்று ஒலிக்கிறார்கள். எழுதும்போது இறுதியில் மகர ஒலிக்குரிய புள்ளி இன்னமும் நிற்கிறது. அந்த ஊரில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதைப் 'புக்கம்' என்றே குறிக்கிறது. பர்மியர் எழுத்தில் காத்துவைத்ததை நம் வணிகர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளருக்கு இவையெல்லாம் நாள்தோறும் வரும் சங்கடங்கள். செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தின் வழியாகத்தான் 'ரோபோட்' என்ற சொல் உலகெங்கும் பரவியது. அதை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் அவருடைய உடன்பிறந்தவர் யோசெஃப். செக்கில் 'ப்ராட்ர்' என்று எழுதிவிடலாம். அண்ணனா தம்பியா என்ற கேள்வியே எழாது. பர்மியத்துக்கு மாற்றுபவர் பிறந்த ஆண்டுகளைத் தேட வேண்டும். யோசெஃப் 1887, கரேல் 1890. ஆகவே 'அகோ', அதாவது அண்ணன். தமிழுக்கு மாற்றுபவரும் இதே தேடலைச் செய்தாக வேண்டும். அவர்களுக்கு மூத்தவர் 1886-இல் பிறந்த அக்காள் ஹெலெனா. குடும்பப் பெயர் பெண்பால் ஈறு பெற்று அவர் சாப்கோவா ஆகிறார். இந்த இருவரும் கரேலைப் பற்றிப் பேசினால் தமிழில் இருவருக்குமே அவர் 'தம்பி'. பர்மியத்திலோ, யோசெஃப் வாயில் அவர் 'ஞீ', ஹெலெனா வாயில் 'மௌங்'. ஆணின் தம்பி வேறு, பெண்ணின் தம்பி வேறு.

நன்றி, வணக்கம்.